எதிர்வாதத்தை மட்டும் படித்தவர்

ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானில் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில், விவாத மேடையில் நான் தோற்றதே இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். ஒட்டிப் பேசு என்றால் ஒட்டிப் பேசுவேன், வெட்டிப் பேசு என்றால் வெட்டிப் பேசுவேன். எதிரணியில் இருந்தவர்கள் மேடையைவிட்டு இறங்கும்போது என்னை முறைத்துக்கொண்டே போவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மேடை போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது தெப்ராவில் ஒரு பாலர்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். டிப்ளோமா இல்லாதவர்கள் எல்லாரும் படித்து முடித்தே ஆகவேண்டும் என்று எங்கள் முதலாளியம்மா சொல்லிவிட்டார். நாற்பது வயதுக்குமேல் எனக்கு எதற்கு இந்த வேலை என்று முனகிக்கொண்டே சனிக்கிழமை இணைய வகுப்பில் சேர்ந்தேன். மற்ற பாடங்களின் இடுபணிகளுக்கெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தமிழ்ப் பாடத்தில் வாதக் கட்டுரை ஒன்று எழுதச் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. இது எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி என்று நினைத்தேன்.

தலைப்பை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். எனக்குத் தலைப்பு வீட்டிலேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அதே வேலைதான். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு பாலத்தைக் கடந்து வருவார். ஜொகூரில் பாதிப் பேர் இப்படித்தான் வாழ்கிறோம், அதனால் இதில் அதிசயப்பட எதுவும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. இந்த ஆண்டுத் தொடக்கத்தில், கிடங்கில் உடன் வேலை செய்யும் இரண்டு பேர் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். அதில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தது.

"ரூம்ல ஒரு எடம் காலியா இருக்காம்," என்றார் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை.

சண்டை என்றால் நான் மட்டும் போடும் சண்டை. அவர் சண்டை போடத் தெரியாதவர். நான் பத்து காரணம் சொன்னால் "பாப்போம் லா" என்பார். இன்னும் பத்து சொன்னால் எழுந்துபோய்த் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். எனக்கு இருந்த பயம் சாதாரணப் பயமில்லை. எங்கள் தாமான் குடியிருப்பிலேயே அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். முதலில் வாரம் ஒரு முறை வந்தார்கள். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு தீபாவளிக்கு. வரும்போது கை நிறைய சாமானோடு வந்து, சொந்த வீட்டிலேயே குளியலறை விளக்கின் சுவிட்ச் எது என்று தடவிக்கொண்டு நிற்பார்கள். என் மனிதர் அப்படி ஆகிவிடக் கூடாது. அவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்வது ஒன்றுதான் அந்த மாதங்களில் என் கவலை.

ஆகவே கட்டுரையின் தலைப்பு இப்படி அமைந்தது: வெளிநாட்டில் வேலை செய்பவர், அங்கேயே தங்காமல் தினமும் வீடு திரும்புவதே குடும்பத்துக்கு நல்லது. ஒரே மூச்சில் எழுதினேன். முதல் பத்தியில் என் நிலைப்பாடு. அடுத்து மூன்று காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், ஒரு சான்று. கடைசியில் எதிர்வாதம் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு, "போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டிச் சிலர் அங்கேயே தங்க விரும்புகிறார்கள், ஆனால் நெரிசல் எந்த ஊரில்தான் இல்லை?" என்று ஒரு வரி எழுதி, அதன் தலையில் ஒரு குட்டு வைத்து முடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கை தட்டலாம் போலிருந்தது.

விரிவுரையாளர் என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவர். கட்டுரையைத் திருப்பி அனுப்பியபோது ஓரத்தில் எழுதியிருந்தார்: "நிலைப்பாடு தெளிவு. காரணங்கள் நன்று. எதிர்வாதம் மிகப் பலவீனம். தோற்பதற்கென்றே ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி அடித்திருக்கிறீர்கள்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கேட்டேவிட்டேன். "எதிர்வாதத்த நல்லா எழுதினா படிக்கிறவங்க அந்தப் பக்கம் போயிருவாங்களே, மிஸ்?"

அவர் சிரித்தார். "போகத்தான் தோணணும். எதிர்த்தரப்புக்காரரே உங்க கட்டுரையப் படிச்சா, ‘ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்’னு ஒத்துக்கணும். அதுக்கப்புறம் நீங்க மறுக்கணும். அதுக்கு முன்னாடி மறுத்தீங்கன்னா அது வாதம் இல்ல, திட்டு." பிறகு எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார். எதிர்வாதத்தை மட்டும் தனியாக, அதையே நம்புகிறவர் எழுதுவது போல எழுதி முதலில் அனுப்ப வேண்டும். மறுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வாசலில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளும் பேனாவுமாக எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, உங்களுக்கு ஏன் அங்க தங்கணும்?"

"எதுக்கு கேக்குற?"

"கட்டுரைக்கு."

"ஜாம் லா."

"வேற?"

"டயர்ட் லா."

"வேற?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதச் சொன்னாலும் நீ திருப்பிக் குடுப்ப. அப்புறம் எதுக்கு சொல்றது?" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைத் தேய்க்கத் தொடங்கினார்.

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான், இதைத்தானே அவர் சொல்கிறார் என்று உறைத்தது. எழுந்து உள்ளே வந்துவிட்டேன். தாளில் ஜாம், டயர்ட் என்று இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன.

பள்ளி விடுமுறை வந்தது. மகளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நானும் சிங்கப்பூருக்கு வருகிறேன், துணி எடுக்க வேண்டும் என்றேன். "அந்நேரத்துக்கு எந்தக் கட தொறந்திருக்கும்?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, இன்னொரு ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். உண்மையில் நான் போனது வேவு பார்க்க. எதிரணியின் பலவீனத்தை அறிந்துகொள்ளும் ஆசை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

கிளம்பும்போதே தூறல். அவர் காலில் சப்பாத்து இல்லை, ரப்பர் செருப்பு. வேலைக்குப் போடும் பூட்ஸையும் காய்ந்த சட்டை ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி முன்னால் மாட்டியிருந்தார். இத்தனை ஆண்டுகளில் அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான்தான். ஒரு நாள் வேலைக்கு இரண்டு சட்டை ஏன் துவைக்க வருகிறது என்று கேட்டதேயில்லை.

பாலத்தை நெருங்கும்போது மோட்டார்கள் நாலாபக்கமிருந்தும் வந்து சேர்ந்தன. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. இன்ஜினை அணைத்து, காலால் தரையை உந்தி உந்தி நகர்ந்தோம். புகை தொண்டையில் போய் அடைத்தது. அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் பேசவில்லை. முன்னால் இருந்த ஓர் ஆள் ஹேண்டிலில் கையை மடித்துத் தலையை வைத்துத் தூங்கினார். வரிசை நகர்ந்ததும் பின்னாலிருந்தவர் தன் சக்கரத்தால் அவரை மெல்ல இடித்தார். அவர் தலையைத் தூக்காமலே நகர்ந்துகொண்டார். அது அவர்களுக்குள் வழக்கம் போலிருந்தது.

சற்று நேரத்தில் என் மனிதரின் முதுகு கனத்தது. அவரும் தூங்குகிறார். என்னை ஏற்றிக்கொண்டு, நின்ற நிலையில், மழையில் தூங்குகிறார். எழுப்பவும் மனமில்லை, எழுப்பாமல் இருக்கவும் பயம்.

வளைவில் எண்ணெய் சிந்திக் கிடந்தது. பக்கத்து வரிசையில் ஒரு மோட்டார் வழுக்கி, ஆள் கீழே விழுந்தார். "அலமாக்!" என்று கத்தியது நான் மட்டும்தான். சில பேர் இறங்கி அவரைத் தூக்கிவிட்டார்கள், மோட்டாரை நிமிர்த்திக் கொடுத்தார்கள், மறுபடி ஏறிக்கொண்டார்கள். விழுந்தவர் கால்சட்டையைத் தட்டிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"தெனம் யாராச்சும் ஒருத்தர் விழுவாங்க," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க விழுந்திருக்கீங்களா?"

"ரெண்டு வாட்டி."

"எப்ப? என்கிட்ட சொல்லவே இல்ல?"

"விடு லா."

ஒரு முறை முட்டியில் கட்டோடு வந்தார். கிடங்கில் இடித்துக்கொண்டேன் என்றார். கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று அன்று நான் அவரைக் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஈரத்தில் அது உடம்போடு ஒட்டியிருந்தது.

அக்கரையில் ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டு, நேரமாகிவிட்டது என்று பறந்துவிட்டார். நான் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கடைகள் திறந்த பிறகும் துணி எடுக்கத் தோன்றவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, வகுப்பு முடிந்த கையோடு எதிர்வாதத்தை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை ஒரே மூச்சில் வரவில்லை. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஒரு பக்கம் தேறியது. அதில் ஒரு பகுதி இது:

"அவர் வீட்டைவிட்டு ஓடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்காகத்தான் தம் உடம்பைத் தினமும் பணயம் வைக்கிறார். விடியுமுன் புறப்படுகிறவர் பிள்ளையின் முகத்தை உறக்கத்தில்தான் பார்க்கிறார். திரும்பி வரும்போதும் பல நாள் உறக்கத்தில்தான். அப்படியென்றால் அவர் தினமும் திரும்பி வருவது யாருக்காக? வாரமெல்லாம் களைத்த உடம்பாக வந்து விழுவதைவிட, வார இறுதியில் தூங்கி எழுந்த மனிதராக, பேசவும் சிரிக்கவும் தெம்புள்ளவராக வீட்டில் இருப்பது மேலல்லவா? வழியில் விழுந்ததைக்கூட அவர் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால், மறுநாள் மோட்டார் கிளம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி பயத்தோடு படுத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும்."

அடுத்து ‘ஆனால்’ என்று தொடங்கி மறுப்பை எழுத வேண்டும். அது எனக்கு அன்று ஓடவில்லை. கணினித் திரையில் பிழை பார்த்தால் கண்ணில் படாது என்பதால், அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் போத்தலுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்க பசாருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அதற்குப் பிறகு தமிழில் அவர் படித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகைகள்தான். ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு நான் மீன் பையோடு அப்படியே நின்றேன்.

"இது நான்தானே?" என்று கேட்டார்.

"அது கட்டுரைங்க."

"நீ என்னையத் திட்டித்தான் எழுதுறன்னு நெனச்சேன்." தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். "இதத்தான் சொல்லணும்னு இருந்தேன். எனக்குச் சொல்ல வரல. எப்படி எழுதின நீ?"

அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இறந்தபோதுகூட வேலைகளை ஓடி ஓடிப் பார்த்தாரே தவிர அழவில்லை. இன்னும் முடியவில்லை, இதற்கு அடுத்த பக்கம் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? மீன் கெட்டுப்போகும் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் ஒரு மாதத்துக்குப் பேச வேண்டியதை அவர் பேசினார். வரிசையில் தூங்குகிறவர்களை இடித்து நகர்த்துவது, நோன்பு மாதத்தில் பாலத்திலேயே பேரீச்சம்பழம் கைமாறுவது, மழைக் கோட்டு கிழிந்த ஆளுக்கு யாரோ குப்பைப் பையில் ஓட்டை போட்டுக் கொடுத்தது எல்லாம் சொன்னார். மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார், கூட வேலை செய்பவர்களிடம் காட்டுவதற்கு. எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. நான் எழுதிய ஒன்றுக்கு ஒரு மனிதர் கண்கலங்கிவிட்டார் என்ற பெருமையில், அந்த மனிதர் எதை ஒத்துக்கொண்டார் என்று நான் யோசிக்கவேயில்லை.

அந்த வாரம் முழுக்க மறுப்பை எழுதினேன். எதிர்வாதம் வலுவாக நிற்கும்போது அதை மறுப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய மூன்று காரணங்களும் சப்பென்றிருந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, களைத்த உடம்பாக வந்தாலும் அவர் வந்து சேர்கிற வீடும் வராத வீடும் ஒன்றல்ல என்று தொடங்கினேன். கேட் திறக்கும் சத்தத்துக்காகவே தூங்காமல் கிடந்து, அது கேட்டதும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடும் மகளைப் பற்றி எழுதினேன். வாரம் முழுவதும் சேர்த்துவைத்துச் சொல்ல முடியாத சின்னச் சின்ன விஷயங்களால்தான் ஒரு குடும்பம் ஓடுகிறது என்று எழுதினேன். அவரிடம் காட்டவில்லை. முழுக் கட்டுரையையும் அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் சேர்த்துக் காட்டலாம், அன்றைக்கு மேசையில் பேசியது போலவே உட்கார்ந்து பேசலாம் என்று இருந்தேன்.

முடிவு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். "எதிர்வாதம் மனத்தைத் தொட்டது, மறுப்பு அதையும் வென்றது," என்று எழுதியிருந்தார் விரிவுரையாளர். வீட்டுக்காரரிடம் காட்டலாம் என்று கைப்பேசியோடு அறைக்குப் போனேன்.

அவர் பீரோவுக்கு மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"எங்க போறீங்க?"

"ரூமுக்கு லா. திங்கக்கெழமேலேருந்து அங்க. நாளைக்குச் சாயங்காலமே போயிட்டா நல்லா தூங்கி எந்திரிக்கலாம்."

"இன்னும் முடிவே பண்ணலையே," என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒனக்கு ஒன்னு தெரியுமா? நீ அந்தக் கட்டுரைய எழுதுறதுக்கு முந்தியே நான் வேணாம்னு சொல்லிட்டேன். நீ இவ்ளோ சொல்றியே, புள்ள இருக்காளேன்னு நெனச்சுப் பாத்தேன், நீ சொல்றதும் சரியாத்தான் பட்டுச்சு. வேற ஆளப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேன். ஒங்கிட்ட சொல்லல. சொன்னா ‘பாத்தீங்களா, நான் சொன்னேன்ல’ன்னு ஆரம்பிச்சிருவ."

மடித்த சட்டை ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"அப்புறம் நீ எழுதினதப் படிச்சேன். சரி, இவளே மனசார சொல்றா, இனிமே என்னன்னு மறுபடி போன் பண்ணேன். நல்ல வேள, எடம் இன்னும் இருந்துச்சு."

நான் ஜெயித்திருந்தேன். எனக்குத் தெரியாமலே, எப்போதோ ஜெயித்திருந்தேன். அவர் வாய் திறக்காமல் என் பக்கம் வந்து சேர்ந்திருந்தார், நான் என் கையாலேயே எழுதி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கைப்பேசியில் அடுத்த பக்கம் இருந்தது. அதை நீட்டினால் போதும். அவரை எனக்குத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார், பிறகு சட்டைகளை எடுத்துப் பீரோவில் வைத்துவிடுவார். திங்கட்கிழமை விடிவதற்கு முன், பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மோட்டாரை எடுப்பார். அந்த வளைவில் எண்ணெய் கிடக்கும்.

அவர் இங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு அழுகையாக வந்தது. அவரை மறுபடி அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தவும் மனசு வரவில்லை. இரண்டு பக்கத்தையும் எழுதியவள் நான்தான், இரண்டிலும் ஒரு வரிகூடப் பொய்யில்லை.



கைப்பேசியை அணைத்துப் பீரோவின் மேல் வைத்தேன்.

"தலகாணி எடுத்துக்கிட்டீங்களா?"

"அங்க இருக்கும் லா."

"அங்க உள்ளது ஒங்களுக்குச் சரிப்படாது. கழுத்து வலிக்குதும்பீங்க."

கட்டிலில் என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய தலையணையை எடுத்து, உறையை மாற்றி, பைக்குள் திணித்தேன். பை மூடவில்லை. இந்தப் பக்கம் நான் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் ஜிப்பை இழுத்து மூடினார்.